செல்லிடப்பேசிக்குள் ஓடும் ஒலி: ஒளியால் அளக்கும் விஞ்ஞானிகள்

புதுதில்லி: அவைக்குள் செல்லிடப்பேசி ஒலிக்கக் கூடாது என்பது நாடாளுமன்ற நடைமுறை. ஆனால், ஒலியை அடக்கிவைத்த செல்லிடப்பேசிக்குள்ளும் ஒலி அலை ஓடத்தான் செய்கிறது. கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசைகளில் தனக்குரியதை மட்டும் பிரித்தெடுக்க, அதிலுள்ள வடிகட்டிச் சில்லு, மின் அலையைப் படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலையாக மாற்றி, மீண்டும் மின் அலையாக்குகிறது. விநாடிக்கு 100 கோடி அளவில் அதிரும் அந்த ஒலி காதுக்கு எட்டாது.

இத்தகைய மேற்பரப்பு அலை உண்டு என்று 1885-ல் கணித்தவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. நிலநடுக்கத்தின்போது தரையை உருட்டிச் செல்வதும் இவ்வகை அலையே. சில்லிலோ அதன் ஏற்ற இறக்கம் மிக நுண்ணியது; கருவி கொண்டு தொட்டால் அலையே கெட்டுவிடும். எனவே லேசர் ஒளியைப் பாய்ச்சுகின்றனர். பட்டுத் திரும்பும் கதிரை, படாத கதிருடன் ஒப்பிட்டால், அலை எங்கு ஓடுகிறது, எங்கு கசிகிறது என்பது படமாகக் கிடைக்கிறது.

அலையை எவரும் எழுப்பாதபோதும் வழி உண்டு. திடப்பொருள் எதுவும் தன் வெப்பத்தால் இடையறாது அதிர்கிறது. அதில் சிதறும் ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு மாறும். பிரான்ஸின் பிரில்லுவான் 1922-ல் கூறிய விளைவு இது.

இத்துறையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பங்கு பெரிது. ஒலி அலை ஓடும் திரவத்தில் ஒளி பல கதிர்களாகப் பிரிவதை 1935-36-ல் சர் சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் விளக்கினர். வைரத்தில் பிரில்லுவான் சிதறலை 1947-ல் ஆர்.எஸ். கிருஷ்ணன் பதிவு செய்தார். லேசர் பிறக்க அப்போது இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன; அவர் பயன்படுத்தியது பாதரச விளக்கு!

ஒளி புகாத உலோகத்தின் மேற்பரப்பையும் இவ்வாறு ஆராய்வது 1970-களில் கைகூடியது. எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கிடையே ஒளியைப் பலமுறை செலுத்தும் கருவியை சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஜான் சாண்டர்காக் உருவாக்கினார். அதிர்வெண் மாற்றம் அலையின் வேகத்தைச் சொல்லும். வேகம் பொருளின் விறைப்பைச் சொல்லும். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள படலத்தையும் சேதப்படுத்தாமல் சோதிக்கலாம்.

இவ்வளவு பாரம்பரியம் இருந்தும், வடிகட்டிச் சில்லுகளின் சந்தை பெரிதும் ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்களின் கையில்தான் உள்ளது. குறைகடத்தித் தொழிலுக்கு ரூ.76,000 கோடி திட்டத்தை மத்திய அரசு 2021 டிசம்பரில் அறிவித்தது. ஆலையை நிறுவிவிடலாம், அலையை அளந்து குறை காணும் ஆய்வகத்துக்குத் தனியே பணம் வேண்டும். ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான மசோதாவை நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 5 ஆண்டுகளுக்கான மதிப்பீடு ரூ.50,000 கோடி. அதில் சுமார் ரூ.36,000 கோடி தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட பிற வழிகளில் வர வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.