பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கட்டடக்கலை மாணவருக்கு: உங்கள் தொகுப்பில் திருகோணமலைக்கு இடம் கொடுங்கள்

நீங்கள் திருகோணமலைப் பிள்ளை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பிலுள்ள வேறொரு கல்லூரியிலோ கட்டடக்கலை படிக்கிறீர்கள். இப்போது ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் உள்ளகப் பயிற்சி (படிக்கும் காலத்திலேயே அலுவலகத்தில் வேலை பழகுவது) தேட வேண்டும். அலுவலகங்கள் முதலில் கேட்பது போர்ட்போலியோ (உங்கள் வேலைகளில் தேர்ந்தவற்றைக் கோத்த தொகுப்பு). அதை எப்படிச் சீராக்குவது என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

இதை யார் பார்க்கிறார்கள்?

வேலைத்தளத்துக்கும் மேசைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடக் கலைஞர். முதல் தடவை அவர் ஓரிரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்தப் பிள்ளைக்குப் படம் பிழையில்லாமல் கீற வருமா? ஏன் இப்படி வடிவமைத்தேன் என்று சொல்லத் தெரியுமா? எடுத்த வேலையை முடிக்குமா? உங்கள் ஒவ்வொரு பக்கமும் இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். சொல்லாத பக்கத்தை எடுத்துவிடலாம்.

எத்தனை வேலைகளைச் சேர்ப்பது?

நான்கு அல்லது ஐந்து போதும். பதினைந்து முதல் இருபது பக்கங்கள். முதலாம் ஆண்டிலிருந்து செய்த எல்லாவற்றையும் சேர்த்தால் பலவீனமான வேலைதான் முதலில் கண்ணில் படும். ஆகச் சிறந்ததை முதலில் வையுங்கள். அதற்கடுத்ததைக் கடைசியில் வையுங்கள். மூடும்போது பார்த்தது நினைவில் நிற்கும்.

ஒரு வேலையில் எதைக் காட்டுவது?

பலர் கணினியில் செய்த வண்ணக் காட்சிப்படங்களை மட்டும் நிரப்புகிறார்கள். அது அழகாக இருக்கும், ஆனால் உங்களுக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. இடம் எது, யாருக்கு, என்ன சிக்கல் என்று மூன்று வரி எழுதுங்கள். பிறகு உங்கள் யோசனை எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டும் கைப்படங்கள். அடுத்துத் தளப்படம் (மேலிருந்து பார்க்கும் அமைப்பு), வெட்டுமுகம் (கட்டடத்தை நிலைக்குத்தாக வெட்டினால் உள்ளே தெரிவது). முடிந்தால், கூரையும் சுவரும் சேரும் இடம்போல ஒரு நுணுக்கத்தைப் பெரிதாக்கிக் கீறுங்கள். அந்த ஒரு படம், நீங்கள் கட்டுமானத்தையும் யோசிக்கிறீர்கள் என்று காட்டும்.

ஸ்டூடியோவுக்குச் செய்த பெரிய தாள்களை அப்படியே சுருக்கலாமா?

வேண்டாம். ஏ1 தாளில் 3 மில்லிமீற்றர் உயரமான எழுத்து ஏ4 தாளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றராகிவிடும். யாராலும் வாசிக்க முடியாது. புதிய பக்கத்துக்கு ஏற்றபடி படங்களைத் திரும்ப அடுக்குங்கள். ‘1:100’ என்ற குறிப்பும் சுருக்கியதும் பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக அளவுக்கோடு (மீற்றர் குறித்த சிறு கோடு) ஒன்றைப் படத்தின் கீழ் போடுங்கள். அது படத்தோடு சேர்ந்து சுருங்கும். வடக்குக் குறியை மறக்காதீர்கள்.

என்னிடம் ஸ்டூடியோ வேலைகள் மட்டும்தானே இருக்கின்றன?

உங்கள் வகுப்பில் எல்லோரிடமும் ஏறக்குறைய அதே வேலைகள்தான் இருக்கும். ஒரே அலுவலகத்துக்கு ஒரே வகுப்பிலிருந்து நாலைந்து பேர் விண்ணப்பித்தால், ஒரே காணியில் ஒரே நூலகம் திரும்பத் திரும்ப வரும். உங்களை வேறுபடுத்தக்கூடிய பொருள் உங்கள் ஊரில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது ஒரு பழைய கட்டடத்தை அளவெடுத்துக் கீறுங்கள்.

விறாந்தையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு, முன்னால் கடையும் பின்னால் குடும்பமும் இருக்கும் கடைத்தெருக் கட்டடம், கரையோரத்து மீன்பிடி வாடி என்று எதுவாகவும் இருக்கலாம். சிறியதாக இருந்தால் நல்லது, முடிக்க முடியும்.

இது உண்மையில் மதிக்கப்படும் வேலையா?

இலங்கைக் கட்டடக்கலையின் வரலாறே அதற்குச் சாட்சி. 1960களில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தைச் சுற்றி இருந்தவர்கள் நாட்டின் பழைய கட்டடங்களைத் தேடிப்போய் அளவெடுத்துக் கீறினார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர், பார்பரா சன்சோனி, அப்போது இருபதுகளில் இருந்த லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகியோர் அதில் இருந்தார்கள். சன்சோனி, சேனநாயக்க, ரொனால்ட் லூகொக் மூவரின் பெயரில் 1998இல் அந்தப் படங்கள் பெரிய நூலாகவும் வந்தன.

அந்தக் காலத்தில் பாவா கொழும்பில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் பாருங்கள். நடுவே முற்றம், ஓட்டுக்கூரை, நிழலான விறாந்தை எல்லாம் புதிய வடிவில் திரும்பி வந்தன. பழையதைக் கூர்ந்து அளந்த கண் புதியதை வடிவமைக்கும்போது உதவுகிறது. அலுவலகத்தில் உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கும்.

எப்படி அளப்பது?

இரண்டு பேர், ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி போதும். முதலில் கண்மதிப்பில் தளப்படத்தைக் கீறிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அறையின் நீள அகலத்தோடு மூலைவிட்டத்தையும் அளவுங்கள்; பழைய வீடுகளில் மூலைகள் செங்கோணமாக இருப்பது அரிது, மூலைவிட்டம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சுவர்த் தடிப்பு, யன்னல் உயரம், விறாந்தையின் ஆழம், கூரைச் சாய்வு ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டில் உள்ள பெரியவரிடம் எந்த அறை எப்போது சேர்த்தது என்று கேட்டால், ஒரு பக்கத்துக்கான கதை அங்கேயே கிடைக்கும்.

பிரெட்ரிக் கோட்டையை அளக்கலாமா?

அனுமதியின்றி வேண்டாம். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைத் தளம். அங்கே கமராவோடும் அளவு நாடாவோடும் நிற்பது வீண் வில்லங்கம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தொல்லியல் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தனியார் வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டு, குடும்பத்தின் பெயரையும் முகவரியையும் தொகுப்பில் போடாமல் விடுங்கள்.

ஊரின் வெயிலையும் காற்றையும் எப்படிப் பயன்படுத்துவது?

திருகோணமலை ஏறக்குறைய வட அகலாங்கு 8.5 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாயும். வடக்குச் சுவரில் வெயில் படாது என்று குளிர்நாட்டுப் பாடநூல் சொல்வது இங்கே பொருந்தாது. ஆண்டின் நடுவில் கச்சான் காற்று அனலாக வீசும். மழைக்காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று கடற்பக்கமிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும்.

நீங்கள் அளந்த வீட்டின் வெட்டுமுகத்தில் வெயில், கச்சான், சாரல் மழை ஆகிய இந்த மூன்றையும் குறியுங்கள். விறாந்தை ஏன் அவ்வளவு ஆழம், கூரை ஏன் அவ்வளவு தாழ்வு என்பது சொல்லாமலே விளங்கும். இதே கவனத்தை உங்கள் ஸ்டூடியோ வேலைகளின் வெட்டுமுகங்களிலும் காட்டலாம்.

மொடல்களை எப்படிப் படமெடுப்பது?

காலை வெயிலில், ஒரே நிறச் சுவர் அல்லது துணிக்கு முன்னால். கமராவை மொடலின் உள்ளே நிற்கும் மனிதரின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் மேசை மீதிருக்கும் பொருளாகத்தான் தெரியும்.

எந்த மென்பொருள் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

‘ஓட்டோகாட் 80 வீதம்’ என்று பட்டை போடுவதில் பயனில்லை. எதில் எண்பது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்தின் கீழும் எதில் செய்தது என்று சிறிய எழுத்தில் எழுதுங்கள்: கை, ஓட்டோகாட், ஸ்கெச்சப், ரெவிட். படமே சான்றாகிவிடும்.

குழுவாகச் செய்த வேலையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். எத்தனை பேர் செய்தீர்கள், உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படமிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். நேர்முகத்தில் ஒரு கோட்டைக் காட்டி ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடியாத படத்தை வைக்கவே வேண்டாம்.

என் ஆங்கிலம் போதாதே?

தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டியிருக்கும். ஆனால் அதில் கட்டுரை தேவையில்லை. முதலில் தமிழில் யோசித்து, ஒரு வேலைக்கு நாலைந்து சிறிய வசனங்களாக எழுதுங்கள். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். கனமான சொற்களைவிடப் பிழையற்ற எளிய வசனத்துக்கு மதிப்பு அதிகம்.

எப்படி அனுப்புவது?

ஒரே பி.டி.எஃப். கோப்பு, 10 எம்.பி.க்குள். கோட்டுப் படங்களை மென்பொருளிலிருந்து நேரே பி.டி.எஃப். ஆக எடுங்கள், புகைப்படமாக மாற்றினால் கோடு மங்கும், கோப்பும் பெருக்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். மின்னஞ்சலில் எந்த ஆண்டு படிக்கிறீர்கள், எந்தத் திகதியிலிருந்து எத்தனை மாதம் வரமுடியும் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அந்த அலுவலகத்தின் ஒரு கட்டடத்தைப் பற்றி உண்மையாக ஒரு வரி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால், மரியாதையாக ஒரு தடவை நினைவூட்டலாம்.

அழைத்தால் எதைக் கேட்பது?

கொழும்பில் தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் செலவு என்றால், மாதக் கொடுப்பனவு உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை. வேலைத்தளத்துக்குக் கூட்டிப்போவார்களா, பல்கலைக்கழகம் கேட்கும் பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பமிடுவார்களா என்றும் கேளுங்கள். முதல் நேர்முகத்தை இணையவழியில் வைக்கமுடியுமா என்று கேட்டால், ஓர் இரவுப் பயணம் மிச்சமாகலாம். நேரில் போனால் ஏ3 அளவில் அச்சிட்ட பிரதியைக் கொண்டுபோங்கள்.

அனுப்புமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கட்டடக்கலை படிக்காத ஒருவரிடம், உங்கள் மாமாவிடமோ ஊர் மேசனிடமோ, தொகுப்பை இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு மூடிவைத்து, ‘என்ன கட்டடம், யாருக்கு, ஏன் இப்படி?’ என்று கேளுங்கள். அவர் சொன்னால் அனுப்பலாம். எந்தப் பக்கத்தில் தடுமாறினாரோ அந்தப் பக்கத்தைத் திரும்பக் கீறுங்கள்.