தீபாவளிச் சீட்டு: அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள்

திருவேற்காடு, அயனம்பாக்கம், நூம்பல் பக்கம் ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்குச் சீட்டு பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள், அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறவர்கள், கருமாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கிறவர்கள் என்று மாதம் 500, 1,000 கட்டுவது பெரும்பாலும் பெண்கள். பண்டிகைக்குக் கந்துவட்டி வாங்காமல் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் அந்த எண்ணம் உயர்ந்தது. அதனாலேயே அந்தப் பணம் யாரிடம் போகிறது என்று கேட்டாக வேண்டும்.

சீட்டு அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் லட்சுமி படம், பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு தேதியும் கையெழுத்தும். பின்பக்கம் தங்கக் காசு, வெள்ளிக் காசு, எண்ணெய், இனிப்பு, பட்டாசுப் பெட்டி என்று நீளும் பட்டியல். பணம் வாங்குபவரின் முழுப் பெயர், முகவரி, பதிவு எண், பொருள் எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பவை பல அட்டைகளில் இருக்காது. அவை இல்லாத அட்டைக்கு முதல் தவணையே கட்ட வேண்டாம்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். வங்கியில் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. கட்டினால், ஆறரை சதவீத வட்டியில், ஓராண்டு முடிவில் 6,000 ரூபாய்க்குச் சுமார் 210 ரூபாய் வட்டி. அதே 6,000-க்கு ஒருவர் 9,000 ரூபாய்ப் பொருள் தருகிறேன் என்றால் மீதி 3,000 எங்கிருந்து வரும்? மொத்தமாகக் கொள்முதல் செய்தால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவு மிஞ்சாது. புதிதாகச் சேருகிறவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தால்தான் முடியும். ஆள் சேருவது நின்ற ஆண்டில் கடைக்குப் பூட்டு விழும்.

2022 தீபாவளி நேரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பகுதியில் தீபாவளிச் சீட்டு கட்டியவர்கள் பொருளும் பணமும் வராமல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸின் கடைகள் மூடப்பட்டன. பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. நகைக்கடைச் சீட்டுகள் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. 2014-இன் கம்பெனி வைப்பு விதிகளின்படி, 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிடும் முன்பணம் வைப்புத்தொகை ஆகாது. வங்கி மூழ்கினால் 5 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு இந்தப் பணத்துக்குக் கிடையாது.

ஆனால் சட்டம் கைவிட்டுவிடவில்லை. 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பணம் பங்கிடப்படும், 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-இன் மத்தியச் சட்டமும் இருக்கிறது. இதெல்லாம் நடக்க ஆண்டுகள் ஆகும், சொத்து மிச்சமிருந்தால்தான் பணமும் வரும். அதனால் புகாரைத் தள்ளிப் போடக் கூடாது. பொருள் தரும் தேதியை இரண்டாவது முறை மாற்றினாலே, அட்டை, ஜிபே விவரம், நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு திருவேற்காடு காவல் நிலையத்துக்குப் போங்கள். இது ஆவடி காவல் ஆணையரகத்துக்கு உட்பட்டது. புகார் மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஏமாந்தவர்கள் பலர் என்றால் சேர்ந்தே போங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும் மனு கொடுக்கலாம். ஒரு கடையோடு மட்டும் தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தெருவில் பணம் வசூலித்துக் கொடுக்கும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமிஷனுக்காக நாற்பது வீட்டில் சேர்த்துவிட்டிருப்பார்; கம்பெனிக்காரன் ஓடிவிட்டால் வசவெல்லாம் அவருக்குத்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் அவரும் மோசடியில் பங்காளி என்றே பார்க்கப்படுவார். வசூல் நோட்டோடும் கம்பெனிக்குப் பணம் அனுப்பிய சான்றோடும் அவரே முதல் ஆளாகப் புகார் கொடுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவி கேட்க உரிமை உண்டு. அதற்கான எண் 15100.

இந்த ஆண்டே மாற்ற நினைப்பவர்கள் வங்கியில் ஓராண்டு ஆர்.டி. தொடங்கலாம், பல வங்கிகளில் 100 ரூபாயே போதும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு முதிரும்படி தேதி வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுக் கணக்கு, மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது. பண்டிகைச் செலவுக்கு அது பொருந்தாது.