பருத்திக்கொட்டையில் மட்டும் குறையும் நஞ்சு

பனவடலிசத்திரத்தைச் சுற்றியுள்ள கரிசலில் பருத்தி போட்டால் பஞ்சு சந்தைக்கு, கொட்டை மாட்டுக்கு. புரதம் நிறைந்த அந்தக் கொட்டை கோழிக்கு ஆகாது. கொட்டையை வெட்டிப் பார்த்தால் பருப்பில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள் தெரியும். அவை சுரப்பிகள்; காசிபால் என்ற நஞ்சு அவற்றில்தான் இருக்கிறது. பருத்திப்பால் குடிக்கிறோமே என்று கேட்கலாம். காய்ச்சும்போது காசிபாலில் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் இழக்கிறது. நாம் குடிக்கும் அளவும் குறைவு.

நஞ்சை அடியோடு ஒழித்தால் என்ன? 1950களில் சுரப்பியே இல்லாத பருத்தியை உருவாக்கினார்கள். இலையிலும் மொட்டிலும் காசிபால் இல்லாததால் பூச்சிகள் மேய்ந்துவிட்டன. ஆகவே எங்கே ஒழிப்பது என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை புரமோட்டரில் இருக்கிறது. செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான். எது எங்கே இயங்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவின் முன்னால் உள்ள புரமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டு தீர்மானிக்கிறது. ஆல்ஃபா குளோபுலின் என்ற சேமிப்புப் புரதத்தின் புரமோட்டர் விதையில் மட்டுமே விழிக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ரத்தோர் குழு, காசிபால் தயாரிக்கும் டெல்டா-கேடினீன் சிந்தேஸ் நொதியின் ஆர்என்ஏவை அழிக்கும் கட்டமைப்பை அந்தப் புரமோட்டரோடு இணைத்தது. 2006-இல் முடிவு வெளியானது.

அந்த அழிப்பு இலைக்கும் பரவாதா? நியாயமான அச்சம். அளந்து பார்த்தார்கள்: விதையில் காசிபால் வெகுவாகக் குறைந்தது, இலையிலும் பூவிலும் குறையவில்லை. சாகுபடிக்கு 2018-லும் உணவாக 2019-லும் அமெரிக்கா இதை அனுமதித்தது. நம் கரிசல் ரகங்களிலும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.