பிறக்காத குழந்தையின் ஜீனில் கை வைக்கலாமா? மரபணு திருத்தத்தில் உலகம் தயங்குவது ஏன்?

நோயாளியின் ஜீனைத் திருத்திக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு அரசுகளே அனுமதி கொடுத்தாச்சு. ஆனால், கருவிலேயே ஜீனைத் திருத்தி குழந்தைகளைப் பிறக்க வைத்த விஞ்ஞானிக்குக் கிடைத்தது சிறைத் தண்டனை. ரெண்டுக்கும் பயன்பட்டது ஒரே தொழில்நுட்பம்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

கிறிஸ்பர்னா என்ன?

நம் உடல் எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்புகள் செல்களுக்குள் டி.என்.ஏ.வாக இருக்கின்றன. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால்கூட சில நேரம் பெரிய நோய் வந்துவிடும். டி.என்.ஏ.வில் நாம் சொல்லும் இடத்தைத் தேடிப்போய் வெட்டும் கத்தரிக்கோல்தான் கிறிஸ்பர். வைரஸ்களை எதிர்க்க பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் ஆயுதம் இது. இதை ஜீன் திருத்தும் கருவியாக மாற்றிய இமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சீனாவில் என்ன நடந்தது?

2018 நவம்பர். மரபணு திருத்தம் பற்றிய சர்வதேச மாநாட்டுக்காக விஞ்ஞானிகள் ஹாங்காங்கில் கூடிய நேரம். ஜீன் திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் அறிவித்தார். உலகமே அதிர்ந்தது.

குழந்தைகளின் அப்பாவுக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் முக்கிய வாசல், சி.சி.ஆர்.5 என்ற ஜீன் உருவாக்கும் புரதம். அந்த ஜீனை முடக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வராது என்பது அவரது கணக்கு.

இதுல என்ன தப்பு? அப்பாவின் தொற்று குழந்தைக்குப் போகாமல் தடுக்க, விந்தணுவைச் சுத்தம் செய்து கருத்தரிக்க வைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதாவது, நோயே இல்லாத கருவில் தேவையில்லாமல் கை வைக்கப்பட்டது. இயற்கையிலேயே சிலருக்கு எச்.ஐ.வி.யிடமிருந்து பாதுகாப்பு தரும் மாற்றத்தையும் அவரால் அப்படியே கொண்டுவர முடியவில்லை. பாதுகாப்பு கிடைத்ததா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. இன்னொரு பக்கம், இந்த ஜீன் வேலை செய்யாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கினால் பாதிப்பு தீவிரமாகும் ஆபத்து அதிகம்.

2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டு சிறையும், 30 லட்சம் யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. அதற்குள் மூன்றாவது குழந்தையும் பிறந்துவிட்டது.

சிகிச்சைக்கு மட்டும் அனுமதி ஏன்?

சிக்கிள் செல் அனீமியா என்ற பரம்பரை நோயில், ரத்த சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும். நீலகிரி பழங்குடி மக்களிடமும் இந்த நோய் இருக்கிறது. இதற்கான காஸ்ஜெவி என்ற கிறிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன.

நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துவார்கள். ஆபத்தைத் தெரிந்துகொண்டு நோயாளியே சம்மதம் சொல்லலாம். தவறு நடந்தாலும் பாதிப்பு அவரோடு நின்றுவிடும்.

ஆனால் கருவில் செய்யும் திருத்தம் அப்படியில்லை. அது உடம்பின் எல்லா வகை செல்லுக்கும் போகலாம். பிள்ளை, பேரப்பிள்ளை என்று தலைமுறைகளுக்கும் தொடரலாம்.

அப்போ கருவைத் திருத்தவே கூடாதா?

இங்கேதான் உண்மையான சிக்கல். காஸ்ஜெவி எடுத்துக்கொண்டவரின் கருமுட்டையோ விந்தணுவோ மாறுவதில்லை. அவருக்கு வலி போனாலும், நோய்க்கான ஜீன் பிள்ளைக்குப் போகும். கணவன், மனைவி இருவருக்குமே சிக்கிள் செல் நோய் இருந்தால், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரும். பொதுவாக ஐ.வி.எஃப். முறையில் பல கருக்களைப் பரிசோதித்து நோயில்லாத கருவைத் தேர்வு செய்யலாம். இவர்களுக்கு அந்த வழியும் இல்லை. எங்கள் ரத்தத்தில் நோயில்லாத ஒரு பிள்ளை வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பிள்ளையின் சம்மதம்? தடுப்பூசி போடும்போதும் குழந்தையிடம் யாரும் கேட்பதில்லையே என்று சிலர் வாதிடலாம். ஆனா, தடுப்பூசி பேரப்பிள்ளையின் ஜீனை மாற்றுவதில்லை. கிறிஸ்பர் சில நேரம் தவறான இடத்திலும் வெட்டும். சில செல்களில் மட்டும் மாற்றம் நடந்து, மற்றவை அப்படியே இருந்துவிடுவதும் உண்டு. குழந்தை பிறந்த பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்த கேள்வி, எங்கே நிறுத்துவது? இன்று நோய், நாளை உயரம், நிறம், அறிவு என்று போனால்? உயரத்தையோ அறிவையோ ஒரே ஒரு ஜீன் தீர்மானிப்பதில்லை. அதனால் ஆர்டர் கொடுத்து குழந்தை பெறுவது இப்போதைக்கு நடக்காது. ஆனால் பணம் ஏற்கெனவே கோடு போட்டுவிட்டது. அமெரிக்காவில் காஸ்ஜெவியின் விலை 22 லட்சம் டாலர். நம் ஊர் மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கும் மேல். இந்த விலையில் கருத் திருத்தமும் வந்தால், ஏழைக்கு வியாதியும் பணக்காரருக்குத் திருத்திய ஜீனும் பரம்பரைச் சொத்தாகிவிடும் என்பதுதான் அச்சம்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2019 வழிகாட்டுதல்கள், தலைமுறைக்குத் தொடரும் ஜீன் சிகிச்சைக்குத் தடை விதிக்கின்றன. நோயாளியோடு நின்றுவிடும் சிகிச்சைக்கான ஆய்வுகளை உரிய அனுமதியோடு செய்யலாம். 2023 மார்ச்சில் லண்டனில் நடந்த சர்வதேச மாநாடும், தலைமுறைக்குத் தொடரும் திருத்தத்தை இப்போது ஏற்க முடியாது என்றே அறிவித்தது. அதில் 'இப்போது' என்ற சொல் முக்கியம். கதவு நிரந்தரமாகப் பூட்டப்படவில்லை.

2018-ல் பிறந்த அந்த இரட்டையர்களுக்கு இது பள்ளிக்குப் போகும் வயது. அவர்களின் உடல்நலத்தை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. அவர்களை ஆய்வுப் பொருளாக்காமல் நிம்மதியாக வாழ விடுங்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இந்த விவாதத்திலும் அவர்களிடம் இன்னும் யாரும் சம்மதம் கேட்க முடியவில்லை.