பால் வற்றுமுன்

தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்று வழங்குவதை வன்னியில் நாம் சோளன் என்போம். அவர்கள் வெறுமனே சோளம் என்னும் தானியத்துக்கு நமது பெயர் இறுங்கு. பெயர் இத்துணை நாட்டுவழக்காய் ஒலித்தாலும் சோளன் இம்மண்ணின் பூர்வகுடியன்று. மெக்சிக்கோவில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப்புல்லிலிருந்து உழவர் உருவாக்கிய பயிர் அது. 1492இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே ஏனைய உலகு அதனை அறிந்தது. இன்றோ, மாரி மழைக்கு வயலில் நெல் விதைக்கும் வன்னிக் கமக்காரர் பலர் மேட்டுக் காணியிலே சோளனையும் ஊன்றிவிடுகின்றனர்.

அவ்விளைச்சலிற் பெரும்பகுதி செடியிலேயே முற்றிக் காய்ந்து கோழித் தீவனமாகப் போய்விடும். நான் எழுத வந்தது அதைப் பற்றியன்று; தை, மாசியிற் சில நாட்களே கிடைக்கின்ற இளம்பொத்தியைப் பற்றி. குஞ்சம் வெளிவந்து ஏறக்குறைய 20 நாளில் மணியை நகத்தாற் கீறினால் வெண்பால் துளிர்க்கும். அப்பாலிலுள்ள சர்க்கரை, பொத்தியை ஒடித்த கணம் முதல் மாப்பொருளாக மாறத் தொடங்குகின்றது. நமது வெயிலில் ஒருநாள் கிடந்தால் இனிப்பிற் பாதியளவு போய்விடும். என் ஆச்சிக்கு இந்த இரசாயனம் தெரியாது. ஆயினும் அடுப்பிலே உலையை ஏற்றிய பின்னர்தான் என்னைத் தோட்டத்துக்கு அனுப்புவார்.

நால்வருக்கு ஐந்து பொத்தி போதும். மணிகளைக் கத்தியால் அரிந்தெடுத்து, கத்தியின் முதுகால் தண்டை அழுத்தி வழித்தால் எஞ்சிய பாலும் வந்துவிடும். தண்டை வீசிவிடுவோர் சூப்பின் உயிரையே வீசுகின்றனர் என்பது என் கட்சி. அதை முறித்து, ஆறு கோப்பைத் தண்ணீரில் சில மிளகோடு அரைமணி நேரம் அவித்தால், நீரே சோளன் மணக்கும். மணியில் மூன்றில் இரண்டு பங்கை அம்மியிலோ இயந்திரத்திலோ அரைத்து, மிகுதியை முழுதாகவே விடுக. சின்ன வெங்காயம், நாலு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, தண்டு அவித்த நீரை வடித்து ஊற்றி, மணியையும் அரைத்த விழுதையும் சேர்த்து அகப்பையாற் கிளறிக்கொண்டே இருத்தல் வேண்டும், கையெடுத்தால் அடிப்பிடிக்கும். சூப்பு தானாகவே தடிக்கும். உணவுச்சாலைகளிற் சோளமாவைக் கரைத்து ஊற்றித் தடிக்க வைப்பது சூப்பன்று, பசை. ஒருபிடி முருங்கையிலையும் உப்பும் இட்டு, இறக்கும் தறுவாயிலே தேங்காயின் முதற்பாலை விடுக. பின்னர் கொதிக்க விடலாகாது. மிளகுத்தூளும் இரண்டு துளி தேசிப்புளியும் கோப்பையில் சேர்ந்தாற் போதும். மாசிப் பனிக்கு அதைவிட இதமானதொன்றை நான் அறியேன்.

இவ்வுணவு அடுப்புக்கு அருகே காணியுடையவனுக்கே வாய்க்கும் என்பதைப் போர் நமக்குக் காட்டிற்று. 2008இலும் 2009இலும் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தோர் அரிசியைத் தோளிற் சுமந்தனர். பால்ப்பொத்தியைச் சுமக்க முடியுமோ? முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமாய் வார்த்த கஞ்சியே உயிர் காத்தது. மே மாதந்தோறும் அந்நினைவாக இன்றும் கஞ்சி பகிரப்படுகின்றது. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலும் அரிசியும் மாவும் பருப்புமே பங்கீடு. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தம் காணிகளுக்குச் செல்ல இயலவில்லை. அங்கே இராணுவம் இருந்தது. வேறிடத்திற் குடியேற்றப்பட்ட அவர்கள், காணி கேட்டு 2017இல் வீதியோரத்திலே அமர்ந்தனர். பங்கீட்டு அரிசிக்கும் தன் வேலிக்குள் ஒடித்த பொத்திக்கும் உள்ள தூரத்தை அவர்களிடம் எவரும் விளக்கத் தேவையில்லை.

மீண்டு வந்தோருக்கும் சோளன் இலகுவாய்க் கிடைத்துவிடவில்லை. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் ஆபிரிக்காவையும் 2018இல் இந்தியாவையும் அடைந்து, அவ்வாண்டிறுதியிலே இலங்கைக்கும் வந்தது. பயிரின் தாயகமும் பகையின் தாயகமும் ஒரே கண்டமாய் அமைந்தது விந்தையே. பகலில் அப்புழு குருத்துக்குள் பதுங்கிவிடும். ஆதலால் குருத்தை விரித்துப் பார்ப்பது கமக்காரர்க்கு நாளாந்தக் கடமையாகிவிட்டது.

காணியில்லாத வாசகர் தை, மாசியிலே வீதியோரத்தில் அவியாத பொத்தியைக் கண்டால் காம்பின் வெட்டுவாயைத் தொட்டுப் பார்க்க. ஈரமாயிருந்தால் அன்றைய பொத்தி. வாங்கி, வேறெங்கும் தாமதியாமல் வீடு செல்க.