வழி தவறி வந்த பொதி

மக்கள் கூடி வாழ்வதற்கு இன்றியமையாத பண்புகளுள் தலையாயது நம்பிக்கையாகும். சென்னையில் வாழும் மகன் ஒருவன் நெல்லையிலுள்ள தன் தாய்க்கு ஒரு கம்பளிப் போர்வையை அனுப்புகின்றான். அதனை எடை பார்ப்பவர் ஒருவர். ஊர்வாரியாகப் பிரிப்பவர் மற்றொருவர். வண்டியில் ஏற்றுபவர், இறக்குபவர், வீடு தேடிச் சென்று கொடுப்பவர் எனப் பலர் கைமாறி அப்போர்வை தாயின் கையை அடைகின்றது. இவர்களுள் ஒருவரையேனும் அம்மகன் அறியான். அவர்களும் அவனை அறியார். எனினும் தன் பொருள் சேருமிடம் சேரும் என்று அவன் ஐயமின்றி இருக்கின்றான். முன்பின் அறியாதவர்மேல் வைக்கும் இந்நம்பிக்கையே அஞ்சல் என்னும் பேரமைப்பின் உயிர்நாடியாகும்.

இவ்வாறு செல்லும் பொதிகளுள் ஒன்று சிலவேளை வழி தவறி, அதனோடு சிறிதும் தொடர்பில்லாத ஒருவர் வீட்டு வாயிலை அடைதலும் உண்டு. அப்பொழுது அவ்வீட்டார் தாம் வேண்டாமலே ஒரு கடமைக்கு உரியவர் ஆகின்றனர். அக்கடமை யாது, அதனை ஆற்றும் முறை யாது என்பவற்றை மாணவர் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண், பொதி வழி தவறுவதற்கான காரணங்களைக் காண்போர்க்கு இஃது ஒருவரது குற்றத்தால் மட்டும் நிகழ்வதன்று என்பது விளங்கும். ஒரே தெருவில் முருகன் என்னும் பெயருடையார் இருவர் இருத்தல் கூடும். தலைப்பெழுத்தை விடுத்து எழுதினால் இன்னார் எனத் தெளிதல் அரிது. சென்னையில் வீடுகள் பலவற்றுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள் உள்ளன. இன்ன எண் என்று குறியாதொழியின் பொதி வேறொரு வீட்டைச் சென்று சேரும். தமிழ்நாட்டில் புதூர் என்றும் புதுப்பட்டி என்றும் பெயர் கொண்ட சிற்றூர்கள் பல. எழுதியவர் கைப்பிழை, மழையில் நனைந்து மங்கிய மை, கொணர்பவரின் விரைவு ஆகியனவும் காரணங்களாம்.

இக்குழப்பத்தைக் குறைத்தற்பொருட்டே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் நடுவண் அரசின் அலுவலராக விளங்கிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர். அவர் வடமொழியிற் கவிதை இயற்றிய புலவருமாவார். இக்குறியீடு ஆறு இலக்கங்களைக் கொண்டது. முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உரியது 6 ஆகும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து அஞ்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் குறிக்கும். இறுதி மூன்றும் பொதியைக் கொண்டுசென்று கொடுக்கும் அஞ்சல் நிலையத்தைக் குறிக்கும். திருச்சிராப்பள்ளித் தலைமை அஞ்சல் நிலையத்தின் எண் 620001, மதுரையினது 625001. இரண்டுக்கும் வேறுபாடு ஓரிலக்கமே. சுழியத்தை ஐந்து என எழுதிவிட்டால், காவிரிக் கரைக்குச் செல்ல வேண்டிய பொதி வைகைக் கரைக்குச் சென்றுவிடும். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள் உள்ள இந்நாட்டில் ஓர் இலக்கத்தின் பிழையும் பெரும்பிழையே ஆகும்.

இனி, வழி தவறிய பொதி ஒன்றைப் பற்றிய ஓர் எடுத்துக்காட்டினைக் காண்க.

ஒரு சிற்றூரில் மேலத்தெரு என்றும் கீழத்தெரு என்றும் இரண்டு தெருக்கள் உள்ளன எனக் கொள்க. மேலத்தெரு 14-ஆம் எண் வீட்டில் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவன் பிற்பகலில் தனித்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பொதி கொணர்ந்த இளைஞர் ஒருவர் வாயிலில் நின்று அழைத்தார். சிறுவன் முகவரியைப் படித்துப் பாராமலே கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டான். இளைஞர் சென்றபின்னரே அதன்மேல் ‘கீழத்தெரு’ என்று எழுதியிருத்தலைக் கண்டான். பெயரும் அவன் அறியாத பெயராக இருந்தது. அதனைத் திறந்து பார்க்கும் எண்ணம் அவனுக்கு எழவில்லை. அவன் நல்ல சிறுவன். “நாளைக்குக் கொடுத்துவிடலாம்” என்று கருதி அதனை அலமாரியின்மேல் வைத்தான். மறுநாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அதற்கு அடுத்த நாள் உறவினர் வருகை. பொதியை அவன் மறந்தான்.

ஐந்தாம் நாள் அவன் தந்தையார் அதனைக் கண்டு, அப்பொழுதே அவனை அழைத்துக்கொண்டு கீழத்தெருவிற்குச் சென்றார். அவ்வீட்டில் ஓர் அம்மையார் தையற்றொழில் செய்து வாழ்ந்து வந்தார். அவருடைய தையற்பொறி ஓடாமல் நின்றிருந்தது. அருகே வெட்டிய துணிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவை பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்கு உரியவை. பொதியைப் பிரித்தபோது அதனுள்ளே கைப்பிடியளவான ஓர் இரும்புறுப்பு இருந்தது. அப்பொறி ஓடுவதற்கு அதுவே வேண்டியிருந்தது.

“தம்பி, நல்லவேளை கொண்டு வந்தாய். இது தொலைந்தே போயிற்று என்று நினைத்திருந்தேன்,” என்றார் அம்மையார். அவர் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறுவனுக்கும் தந்தையாருக்கும் குடிக்க நீர் கொடுத்தார். ஆனால் சிறுவன் கண்கள் அத்துணிகளின்மேலேயே இருந்தன. வரும் வழியில் அவன், “அப்பா, நான் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லையே, எனக்கு ஏன் வெட்கமாக இருக்கிறது?” என்று வினவினான். “பொருளை நீ எடுக்கவில்லை, அப்பா. அந்த அம்மாவின் நான்கு நாள் கூலி போயிற்று. அதை யார் கொடுப்பார்?” என்றார் தந்தையார்.

இவ்வெடுத்துக்காட்டினால் ஓர் உண்மை புலனாகும். பிறர் பொருளைக் கவர்தல் மட்டுமே தீமை என்று கருதுவோர் பலர். சோம்பலினாலும் மறதியினாலும் பிறர் பொருளைத் தேக்கி வைத்தலும் அத்தகைய தீமையையே விளைக்கும். மூடிய பொதியினுள் என்ன உள்ளது என்பது புறத்தே நிற்பவருக்குத் தெரியாது. அது விளையாட்டுப் பொருளாகவும் இருக்கலாம்; நோயாளி ஒருவர் இரவெல்லாம் எதிர்பார்த்திருக்கும் மருந்தாகவும் இருக்கலாம். வேலைக்கு நேர்முகத் தேர்வு செல்ல வேண்டிய இளைஞனின் சான்றிதழாகவும் இருக்கலாம். ஆதலின் எப்பொதியையும் விரைந்து சேர்க்க வேண்டிய பொதியாகவே மதித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், செய்ய வேண்டுவன யாவை? பெறுமுன் படித்தல் முதலாவதாகும். பெயர், கதவெண், தெரு, ஊர், குறியீட்டெண் ஆகிய ஐந்தையும் நோக்கியபின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். தமக்குரியதன்று என்பது தெரிந்தால், கொணர்ந்தவரிடமே அதனைத் திருப்பிக் கொடுத்தல் எல்லாவற்றினும் எளிய வழியாம்.

கொணர்ந்தவர் சென்றுவிட்டாராயின், பொதியைத் திறவாமல், நனையாத இடத்தில் வைத்து, வீட்டிலுள்ள பெரியோரிடம் அப்பொழுதே தெரிவித்தல் வேண்டும். ‘குளிர்ச்சியில் வைக்க’ என்பது போன்ற குறிப்பு மேலே இருப்பின் அதனைப் பின்பற்றுதல் தகும். உரியவர் அண்மையில் வாழ்பவராயின், பெரியோர் ஒருவருடன் சென்று, பெயரைக் கேட்டுத் தெளிந்து, அவர் கையிலேயே கொடுக்கலாம். பூட்டிய வீட்டின் திண்ணையில் வைத்துவிட்டு வருதல் கடமையை முடித்ததாகாது.

உரியவரை அறிய இயலாதாயின், அஞ்சல் வழி வந்த பொதியை அஞ்சற்காரரிடமோ அஞ்சல் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். தனியார் கூரியர் நிறுவனத்தின் வாயிலாக வந்ததாயின், அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். விரைவு அஞ்சற் பொதியின்மேல் எழுத்தும் எண்ணுமாகப் பதின்மூன்று குறிகள் கொண்ட அடையாள எண் ஒன்று இருக்கும். அதனைக் கொண்டு அப்பொதி புறப்பட்ட இடத்தையும் கடந்துவந்த வழியையும் அலுவலர் கண்டறிவர். ஆகவே மேலுள்ள எழுத்துகளை அடித்தலோ கிழித்தலோ கூடாது. சொல்ல வேண்டுவதைத் தனித்தாளில் எழுதி இணைத்தலே முறை.

முன்பு அவ்வீட்டிற் குடியிருந்தவர் பெயருக்குப் பொதி வருதலும் உண்டு. அவர் புதிய முகவரியை வீட்டுக்குரியவர் அறிந்திருக்கக்கூடும்; அவரிடம் கேட்டல் நலம். அறியாவிடின், ‘இம்முகவரியில் இல்லை’ என்று தெரிவித்துத் திருப்புதல் வேண்டும். தமக்கு வந்ததெனக் கருதித் தவறுதலாகத் திறந்துவிட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. உள்ளிருந்தவற்றை இருந்தவாறே வைத்து மூடி, நிகழ்ந்ததை மறையாமற் கூறிவிடின் அப்பிழை அவ்வளவில் தீரும்; மறைத்தாலோ வளரும்.

இக்காலத்தில் மேலும் சில எச்சரிக்கைகள் வேண்டும். பொதியின்மேல் உரியவரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் காணப்படும். அவற்றைக் கைப்பேசியிற் படமெடுத்து, “இஃது யாருடையது?” எனப் பலரும் காணப் பரப்புதல் தகாது. உதவி செய்யும் எண்ணத்தால் ஒருவரது மறைவான செய்தியை ஊரறியச் செய்ததாகிவிடும். உரியவரல்லாதார் வந்து தமதென்று கேட்கவும் அது வழிவகுக்கும். கேட்டு வருபவர் எவராயினும், பெயரையும் அடையாளத்தையும் சரிபார்த்தே கொடுத்தல் வேண்டும். “பொதியைப் பற்றிப் பேசுகிறேன், உங்கள் கைப்பேசிக்கு வந்த கடவு எண்ணைச் சொல்லுங்கள்,” என்று கேட்போர்க்கு அதனைக் கூறுதல் கூடாது, வஞ்சகர் சிலர் இவ்வாறு கேட்டுப் பணத்தைக் கவர்கின்றனர். ஐயத்துக்கிடமான பொதியாயின் அதனைத் தொடாமல் காவல் நிலையத்துக்கு அறிவித்தலே அறிவுடைமை.

சட்டமும் இத்துறையில் தெளிவாகப் பேசுகின்றது. பிழையினால் ஒருவரிடம் பணமோ பொருளோ கொடுக்கப்பட்டால் அவர் அதனைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவாகும். பிறர் பொருளை நேர்மையின்றித் தமதாக்கிக்கொள்வோரை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றவாளிகள் என்றது. வழியிற் கிடந்த கடிதத்தினுள் பணத்தாளைக் கண்ட ஒருவன், அஃது யாருக்கு உரியதென்று கடிதத்தாலேயே அறிந்தும் எடுத்துக்கொண்டால் அவன் குற்றவாளியே என்று அச்சட்டம் எடுத்துக்காட்டும் தந்தது. அதனிடத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 314-ஆம் பிரிவில் இக்குற்றத்தைக் கூறுகின்றது. ஆறு திங்களுக்குக் குறையாமல் ஈராண்டு வரை சிறையும், அதனோடு தண்டமும் விதிக்கலாம் என்பது அதன் விதி. உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு பொருளை எடுத்துக் காப்பவர் குற்றவாளியாகார். முகவரி எழுதிய பொதியிலோ உரியவர் பெயர் மேலேயே உள்ளது. ஆதலின் ‘யாருடையதென்று தெரியவில்லை’ என்னும் சொல் அங்கே செல்லாது.

எனினும் சட்டம் வஞ்சகனைத்தான் பிடிக்கும். பொதியை அலமாரியில் வைத்து மறந்த சிறுவனை அது தேடி வாராது. அவனை நாணச் செய்தது அவன் நெஞ்சமேயாகும். அந்நெஞ்சத்தைப் பண்படுத்தும் பணியைத் தமிழ்ச் சான்றோர் பண்டே மேற்கொண்டனர். களவு செய்யாமையைக் கள்ளாமை என்னும் அதிகாரத்தில் உரைத்த திருவள்ளுவர், அதற்கும் முன்னே, இல்லறத்தார்க்கு உரியதாக வெஃகாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். பிறர் பொருளின்மேல் கை செல்வதற்கு முன்னர் மனம் செல்கின்றது. மனத்தைத் தடுத்தவர் கையைத் தடுக்க வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து வெள்ளிடை மன்றம் கூறப்படுகின்றது. ஊருக்குப் புதியவராகிய வணிகர் தம் பெயரும் குறியும் எண்ணும் பொறித்த பொதிகள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றுக்குக் கதவில்லை, தாழில்லை, உடையவர் காவலும் இல்லை. களவாட முயல்வார் உளராயின், அப்பொதியையே அவர் தலைமேல் ஏற்றிச் சுற்றிச் சுற்றி அலையச் செய்யுமேயன்றி, அதனைக் கொண்டுபோக அம்மன்றம் விடாது என்பர். ஆதலின் திருட நினைப்பவரும் நடுங்கினர். அயலூரார் பெயர் எழுதிய பொதிக்கு அந்நகரம் தந்த காவல் அத்தகையது.

வெள்ளிடை மன்றம் இன்று இல்லை. பெயர் பொறித்த பொதிகளோ நாள்தோறும் ஊர்தோறும் செல்கின்றன. அவற்றுள் ஒன்று வழி தவறி ஒரு வீட்டை அடையுமாயின், அவ்வீடே அன்றைக்கு அதற்கு வெள்ளிடை மன்றமாகும். அங்கே காவலாக நிற்பது அவ்வீட்டாரின் நெஞ்சம் ஒன்றே. பொதியின்மேலுள்ள பெயர் அறியாதவர் பெயராக இருக்கலாம். ஆனால் அப்பெயருக்குரியவர் எங்கோ ஒரு வாயிலில் நின்று தெருவை நோக்கிக்கொண்டிருக்கின்றார். அவரை நினைந்து, அன்றைக்கே அதனை உரிய வழியிற் செலுத்துபவர் நல்ல குடிமகனுக்குரிய கடமையை ஆற்றியவராவார்.