மழை நாளிலும் இறுகும் வெண்கட்டி

மெர்போக்கில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வீட்டு முன்வாசல்தான் திடல். அந்தச் சிமெண்டுத் தரையில் படம் வரையத் தடித்த வண்ண வெண்கட்டிகளை வீட்டிலேயே வார்க்கலாம். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவு, தண்ணீர், போஸ்டர் கலர் இருந்தால் போதும். அச்சுக்கு ‘ஐஸ்கிரீம் மலேசியா’ ஊற்றும் நீளமான பிளாஸ்டிக் பையே பொருத்தம். இறுகியதும் பையைக் கிழித்து எடுத்துவிடலாம்.

இந்த ஈரக் காற்றில் அது எப்படிக் காயும் என்று கேட்கத் தோன்றும். வெண்கட்டி காய்வதால் கெட்டியாவதில்லை. தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டு கெட்டியாகிறது.

ஜிப்சம் என்னும் கல்லில் கால்சியம் சல்பேட்டோடு நீரும் சேர்ந்திருக்கிறது. அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் நீரில் முக்கால் பங்கு வெளியேறும். எஞ்சும் பொடிதான் பிளாஸ்டர் மாவு. மறுபடி நீர் பட்டதும், இழந்ததை வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாக வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. நீருக்கடியில்கூட இது இறுகும். ஆனால் மாவுப் பையைத் திறந்து போட்டால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துக் கெட்டுப்போகும். மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது.

100 கிராம் மாவு இறுக 19 கிராம் தண்ணீர் போதும். நாமோ ஊற்றும் பதத்துக்காக 70 கிராம்வரை சேர்க்கிறோம். மிகுதி நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகளால்தான் கட்டி மென்மையாகி, சொரசொரப்பான தரையில் தேய்ந்து கோடாகிறது. தண்ணீர் குறைந்தால் கட்டி கல்லாகிவிடும். கூடினால் கையிலேயே உதிரும். வழவழப்பான ஓட்டுத் தரையில் எந்தக் கட்டியும் சரியாக எழுதாது.

முதலில் தண்ணீரில் வண்ணத்தைக் கரைத்து, அதில் மாவைத் தூவுங்கள். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். நுரை எழாமல் மெல்லக் கலக்கி, உடனே பையில் ஊற்றிக் கட்டுங்கள். சிறிது நேரத்தில் பை வெதுவெதுப்பாகும். பிள்ளைகள் வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கட்டும். வேதிவினையைக் கையால் உணரும் வாய்ப்பு அது. அரை மணி நேரத்தில் இறுகிவிடும். மிகுதி ஈரம் போக மட்டும் ஓரிரு நாள் நிழலில் கிடக்க வேண்டும். மழைக் காலத்தில் இன்னும் கூடுதலாகும்.

கையை மட்டும் கலவைக்குள் வைக்கவே கூடாது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு மாணவி கையச்சு எடுக்கப் பிளாஸ்டர் கலவைக்குள் கைகளை வைத்து, சூட்டில் வெந்து, பெரும்பாலான விரல்களை இழந்தார். மாவைத் தூவும் வேலையைப் பெரியவர்களே முகக்கவசத்தோடு செய்யட்டும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அங்கேயே இறுகிக் குழாயை அடைத்துவிடும், குப்பையில் போடுங்கள்.

கட்டி தயாரானதும் இன்னொரு சோதனையும் செய்யலாம். அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள்; ஒன்றும் நடக்காது. சமைத்து மிஞ்சிய கெராங் சிப்பி ஓட்டில் விட்டால் குமிழி கிளம்பும். ஓடு கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கரியமில வாயு வெளியேறுகிறது. பள்ளி வெண்கட்டிகளில் இந்த இரண்டு வகையும் உண்டு. வகுப்பில் கிடக்கும் துண்டு எந்த வகை என்பதைப் பிள்ளைகளே இனிச் சொல்லிவிடுவார்கள்.